புதுப்பிப்பு: ஏசி போட்டதும் கத்தும் பெல்ட்

முன்பு கேட்டிருந்தது: காரில் காலையில் ஏசி போட்டதும் டிரைவ் பெல்ட் (இன்ஜின் சுழற்சியில் ஏசி கம்ப்ரஸரை ஓட்டும் ரப்பர் பெல்ட்) கிறீச்சிடுகிறது, ஆனால் விரிசலே இல்லை. காரணம் தெரிந்துவிட்டது.

விரிசலைத் தேடுவதெல்லாம் பழைய நியோபிரீன் ரப்பர் பெல்ட்டுக்கு. இப்போது வருவது இபிடிஎம் ரப்பர். விரிசல் விடாமலே டயர் மாதிரித் தேயும். பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் மேட்டு வரிகளுக்கு நடுவே பள்ளம் அகன்று, பெல்ட் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) பள்ளத்து அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும்.

இன்ஜின் ஓடும்போது வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் (சட்டைக் கை, விரல் ஜாக்கிரதை) சத்தம் கூடியது. அதாவது டென்ஷன் (பெல்ட்டின் இறுக்கம்) குறைவு. சற்று அடங்கி மறுபடி வந்திருந்தால் புல்லி நேராக இல்லை என்று அர்த்தம்.

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டும் மாற்றியாயிற்று. வாங்கும்போது 6பிகே என்றால் 6 வரி. அடுத்த எண் மில்லிமீட்டரில் நீளம். பெல்ட் கழன்றிருக்கும்போதே ஐட்லரை (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் சக்கரம்) கையால் சுற்றுங்கள். கரகரத்தால் அதையும் மாற்றிவிடுங்கள். சத்தத்தை அடக்க அடிக்கும் பெல்ட் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம், தூசியை இழுத்துப் பிடிக்கும்.