மூன்றாம் ரிச்சர்ட் நல்லவரா கெட்டவரா? நாவலை நம்புவதா, வரலாற்றையா?

தூக்கமில்லாதவன்:
பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய ஒரு தடித்த நாவலை மூன்று வாரமாக இழுத்து நேற்றுதான் முடித்தேன். எங்கு திரும்பினாலும் எட்வர்ட், ரிச்சர்ட். எலிசபெத்துக்கோ கணக்கே இல்லை: ராணி எலிசபெத், அவர் மூத்த மகள் எலிசபெத், ரிச்சர்டின் அக்கா ஒருவரும் எலிசபெத். ஒரு தாளில் வம்சாவளி வரைந்து புத்தகத்துக்குள் செருகி வைத்த பிறகுதான் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே பிடிபட்டது. விஷயம் என்னவென்றால் இந்த நாவலில் ராஜா மூன்றாம் ரிச்சர்ட் தங்கமான மனிதர், அரியணைக்கு உரிய அண்ணன் மகன்கள் இருவரையும் அவர் தொடவே இல்லை. கல்லூரியில் ஷேக்ஸ்பியர் பாடத்தில் பார்த்த ரிச்சர்டோ கூன் முதுகு, சூம்பிய கை, பிள்ளைகளைக் கொன்ற பாவி. யாரை நம்ப? இனிமேல் வரலாற்றுப் பக்கம் போகட்டுமா, நாவலிலேயே இருக்கட்டுமா?

கோட்டைவாசல்:
ஷேக்ஸ்பியர் எழுதியது யார் ஆட்சியில் என்று பாருங்கள். முதலாம் எலிசபெத். 1485 ஆகஸ்ட் 22 அன்று போஸ்வொர்த் போரில் ரிச்சர்டை வீழ்த்தி அரியணை ஏறிய ஏழாம் ஹென்றியின் பேத்தி அவர். ராணியின் தாத்தா நல்ல ராஜாவைக் கொன்றுவிட்டு வந்தவர் என்று லண்டனில் நாடகம் போட்டுவிட முடியுமா என்ன? அந்தக் கதைக்கு அடிப்படை தாமஸ் மோர் என்ற அறிஞர் எழுதியது. பிள்ளைகள் காணாமல் போன 1483இல் மோருக்கு ஐந்து வயது, பிறகு அவர் சிறுவனாக வளர்ந்த இடம் ரிச்சர்டின் பரம எதிரி மார்ட்டனின் வீடு.

ரிச்சர்டின் எலும்பும் கிடைத்துவிட்டதே! 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் பார்க்கிங்கைத் தோண்டி எடுத்தார்கள், பழைய மடாலயம் இருந்த இடம். அக்காவின் பெண்வழி வாரிசுகளோடு டிஎன்ஏ ஒத்துப்போனது. முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாகவே வளைந்திருக்கிறது, ஒரு தோள் ஏறித் தெரிந்திருக்கும். கூன் இல்லை, கையும் சூம்பவில்லை. உண்மையில் இருந்ததைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மழைக்காகம்:
அதெல்லாம் சரி, அதற்காக ரிச்சர்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம். ஏழாம் ஹென்றியின் டியூடர் வம்சத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. டொமினிக் மான்சினி என்ற இத்தாலியர் 1483இல் லண்டனில் இருந்தார், ஊர் திரும்பி அந்த வருடக் கடைசியிலேயே பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்தார். கையெழுத்துப் பிரதி 1934இல்தான் பிரான்சின் லீல் நகரத்தில் கண்ணில் பட்டது. பெரியவனுக்கு 12 வயது, சின்னவனுக்கு 9. லண்டன் டவர் கோட்டையின் உள் அறைகளுக்கு அவர்களை மாற்றிவிட்டார்கள், கம்பி ஜன்னல் வழியாகத் தெரிந்த முகங்கள் நாளுக்கு நாள் குறைந்து ஒருநாள் தெரியாமலே போய்விட்டன என்கிறார். பெரியவன் சாவுக்குத் தயாராவதுபோலத் தினமும் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தானாம், அவனுக்கு வைத்தியம் பார்த்தவர் சொன்னது. எப்படிச் செத்தார்கள், செத்தார்களா என்பதே தனக்குத் தெரியாது என்றும் மான்சினி எழுதுகிறார். அதனாலேயே நான் அவரை நம்புகிறேன்.

ரிச்சர்ட் இரண்டு வருடத்துக்கு மேல் ராஜாவாக இருந்தார். ஊரே கிசுகிசுத்தபோது பிள்ளைகளை ஒரே ஒரு தரம் வெளியே அழைத்து வந்து காட்டியிருந்தால் பேச்சு அன்றோடு அடங்கியிருக்கும். காட்டவில்லையே!

தூக்கமில்லாதவன்:
இது எனக்கும் உறுத்தியது. ஆனால் பிள்ளைகளின் அம்மா, ராணி எலிசபெத்? வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர், மகன்களைக் கொன்றவனிடமே மகள்களை அழைத்துக்கொண்டு வெளியே வருவாரா? என் நாவலாசிரியர் இதை வைத்துத்தான் ரிச்சர்ட் நிரபராதி என்கிறார்.

தாழம்பூ:
வந்தார், 1484 மார்ச்சில். சும்மா வரவில்லை. பிரபுக்கள், பாதிரியார்கள், லண்டன் மேயர் எல்லாரையும் வைத்துக்கொண்டு ரிச்சர்ட் சத்தியம் செய்து கொடுத்த பிறகு வந்தார். அந்தச் சத்தியம் எழுத்தில் இருக்கிறது. பெண்களின் உயிருக்கு ஆபத்து வராது, நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைப்பேன் என்பதோடு, அவர்களை டவரில் அடைக்க மாட்டேன் என்று அந்த இடத்தின் பெயரையே சொல்லி ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மகன்கள் அங்கே சுகமாக இருக்கிறார்கள் என்று நம்பும் தாய் இதைக் கேட்டு வாங்குவாளா? இன்னொரு பக்கம், ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் அப்படி அடைபட்டுக் கிடப்பது?

சத்தியத்தின் வாசகம் வரலாற்றுப் புத்தகத்தில் கிடைக்கும். அதை அவர் எந்த மனநிலையில் கேட்டார் என்பது நாவலாசிரியர் புகுந்து எழுதும் இடம், அதற்காகத்தான் நான் நாவல் படிக்கிறேன். சிலர் பின்னுரையில் எதெது தங்கள் கற்பனை என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள், எனக்கு அதை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயம். கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்றால், போஸ்வொர்த்தில் யார் ஜெயிப்பார் என்பது என்ன சஸ்பென்ஸா?

கோட்டைவாசல்:
எலும்பு என்றதும் ஞாபகம் வந்தது, 1674இல் டவரில் ஒரு படிக்கட்டை இடித்தபோது இரண்டு பிள்ளைகளின் எலும்பு கிடைத்தது, இரண்டாம் சார்லஸ் அதை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கச் சொன்னார். 1933இல் திறந்து பார்த்தார்கள், அப்போது டிஎன்ஏ சோதனை ஏது?

தூக்கமில்லாதவன்:
என் வம்சாவளித் தாளில் மோர் பெயருக்குப் பக்கத்தில் '5 வயது' என்று எழுதிவிட்டேன். அடுத்து மான்சினி. அது நாவலின் நீளத்தில் கால்வாசி கூட இருக்காது என்பதும் ஒரு காரணம்.