புதுப்பிப்பு: விட்சர் 4 பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம்

விட்சர் 4 வீடியோ கேமுக்கு 2024 டிசம்பரில் வந்த முன்னோட்டத்தை மட்டும் வைத்து, "இந்தக் காட்சித் தரம் பிஎஸ்5-இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி) ஓடாது, ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கான கிராபிக்ஸ் கார்டு விலையை இப்போதே விசாரித்து வையுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்து 2025 ஜூனில் காட்டிய விட்சர் 4 டெமோவை நேற்று ராத்திரி வடபழனியில் தம்பி வீட்டுப் பெரிய டிவியில் நிதானமாகப் பார்த்தேன். சாதாரண பிஎஸ்5, நொடிக்கு 60 பிரேம், ஒளி விழுவதை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கும் உண்டு. ஆட்டத்தில் வரும் கோவிர் நாட்டு மலைப்பாதையில் நாயகி சிரியின் குதிரை கெல்பி ஓடும்போது, தோள் தசை தோலுக்கு அடியில் உருளுவது தெரிகிறது. அந்த இடத்தை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். அப்புறம் வால்ட்ரெஸ்ட் துறைமுகச் சந்தை. ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல்! விடிகாலைக் காசிமேடு மாதிரி நெரிசல், அசந்துவிட்டேன்.

ஆனால் இது தொழில்நுட்ப டெமோதான், ஆட்டத்தின் காட்சி அல்ல என்று அதை உருவாக்கும் நிறுவனமான சிடி புராஜெக்ட் ரெட்டே சொல்லிவிட்டது. சண்டை கைக்கு எப்படி இருக்கும் என்பதற்கு இதில் பதில் இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

2026 முடிவதற்குள் வெளியிடும் திட்டமும் அவர்களுக்கு இல்லை. அதனால் கார்டு வாங்க அவசரமே இல்லை. 2015-இல் வந்த மூன்றாம் பாகத்தை ஆடாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். சிரியாக ஆடும் பகுதிகள் அதில் கொஞ்சம்தான், ஆனாலும் அவள் யாரென்று அங்கேதான் தெரியும்.