புதுப்பிப்பு: புதுப் பற்றறி போட்டும் நூந்துபோன டைவ் கொம்பியூட்டர் சரிவந்திட்டுது

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. நிலாவெளிக்குச் சுழியோடப் போகமுதல், புதுப் பற்றறி போட்டும் வெளிச்ச பட்டினை அமத்தினதும் கையில கட்டுற டைவ் கொம்பியூட்டர் (ஆழம், நேரம், உடம்பில சேருற நைதரசனைக் கணக்குப் பாக்கிற கருவி) நூந்துபோகுது எண்டு கேட்டிருந்தன்.

காரணம் பற்றறிதான். முல்லைத்தீவில வாங்கின சி.ஆர்.2450 (காசு மாதிரி வட்டப் பற்றறி), மீற்றரில வடிவா 3 வோல்ற் காட்டினது. அதை நம்பாதை எண்டு பதில் எழுதின வவுனியா அண்ணை சொன்னபடி 470 ஓம் ரெசிஸ்ரரைக் (மின்தடை) குறுக்கே பிடிச்சு, பற்றறிக்குச் சுமை குடுத்து அளந்தன், 2.4க்கு விழுந்திட்டுது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெயில் குடிச்ச சரக்குப் போல. வவுனியாவில எடுத்தது 2.9இல நிண்டது. கடையில 2430ஐத் தந்தா வாங்காதேங்கோ: அகலம் அதே 24.5 மில்லிமீற்றர், தடிப்பு 5க்குப் பதிலா 3.

பற்றறி மூடிக்குள்ள தண்ணி போகாமத் தடுக்கிற றப்பர் வளையத்தையும் (ஓ றிங்) மாத்தி, சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாப் பூசினன். தொடுமுனையை அழிறப்பரால தேய்க்கிற யோசினை எனக்கு உதவேல்லை.

எதிர்பாராதது இதுதான்: பற்றறியைக் கழட்ட, நேரம் மட்டுமில்லை, முன்னம் சுழியோடினதால உடம்பில மிஞ்சின நைதரசன் கணக்கும் அழிஞ்சுபோச்சு. முதல்நாள் சுழியோடின ஆளையும் அது சுழியோடாத புது ஆளாத்தான் எடுக்கும். எல்லா மொடலும் இப்பிடியில்லை. எண்டாலும் ரெண்டு சுழியோட்டத்துக்கு நடுவில மாத்தாதேங்கோ, 24 மணித்தியாலம் விடுங்கோ.

நிலாவெளியில ஒரு சோலியும் தரேல்லை.