தைப்பூசக் காவடி: ஆற்றங்கரையில் குப்பை சேராமல் இருக்க

கேள்வி:
வணக்கம். மொரீசியஸில் எங்கள் கோவிலில் விரதக்காரர்களுக்குக் காவடி கட்டச் சொல்லித்தரப் போகிறோம். தெர்மகோல், பிளாஸ்டிக் பூ, மினுக்குத்தூள் எதுவும் வேண்டாம் என்று முடிவு. எப்படிக் கட்டுவது? பூஜை முடிந்த பூவையும் பாலையும் எங்கே சேர்ப்பது?

பதில் 1:
நல்ல காரியம் தம்பி. மூங்கில் பிளாச்சை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்தது வளைவில் பிளந்துவிடும். கம்பிக்குப் பதில் வாழைநார், அதையும் நனைத்துத்தான் கட்டணும். தோளில் பாரம் தாங்கும் மூட்டுகளுக்கு மட்டும் தேங்காய்நார்க் கயிறு. தை மாதம் இங்கே கொளுத்தும் கோடை, ஆகவே ஓலைத் தோரணத்தை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். குருத்தை வெட்டாதீர்கள், வளர்நுனி சேதமானால் மரம் பட்டுப்போகும். பச்சை ஓலையே அழகுதான்.

பதில் 2:
பூவில் நூல், கம்பி, கற்பூரத்துண்டு எல்லாம் பிரித்தெடுங்கள். உரக்குழியில் ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டு வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். இன்னும் சருகு சேருங்கள். பாலை அதில் ஊற்றவே கூடாது. ஆற்றிலும் வேண்டாம், பால் அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் செத்துவிடும். அபிஷேகப் பாலை வாளியில் பிடித்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கு விடலாம்.

பதில் 3:
பிளாஸ்டிக் வேண்டாம் என்ற முடிவை, விரதம் தொடங்கும் கொடியேற்றத்தன்றே குருக்கள் வாயால் சொல்லச் செய்யுங்கள். பத்து நாள் விரதத்தின் கடைசியில் சொன்னால் எல்லாரும் சாமான் வாங்கி முடித்திருப்பார்கள். விரதம் முடிந்து பரிமாறும் ஏழு கறிச் சாப்பாடு வாழையிலையில்தான், அதில் கவலையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப், தட்டுக்கு இங்கே 2021 முதல் சட்டமே தடை.