மறு: ஏபிஐ (ABI) மோதலுக்குத் தமிழில் என்ன? "மரபு வழு" சரியா?

> 'இரும இடைமுக ஒத்திசைவின்மை' என்றே வைத்துவிடலாமே, துல்லியமாக இருக்கிறது.

துல்லியம்தான். தனித்தனியாகக் கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) துண்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஏற்பாடுதான் ஏபிஐ; இரு பக்கமும் வேறு வேறு ஏற்பாட்டில் இருந்தால் மோதல். ஆனால் பிழைச்செய்தியில் இதைப் படித்து முடிப்பதற்குள் ஆள் டெர்மினலை மூடிவிடுவார்.

போன வாரம் பைத்தானுக்கு ஒரு சி++ மாட்யூல் நிறுவினேன். கம்பைல் ஆனது, இன்ஸ்டாலும் ஆனது. மாட்யூல் ஷேர்டு லைப்ரரி (ஓடும்போது ஏற்றப்படுவது) என்பதால் துண்டுகளை இணைக்கும் லிங்க்கரும் வாய் திறக்கவில்லை. இம்போர்ட் செய்தபோதுதான் 'அன்டிஃபைன்டு சிம்பல்' (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்று முழ நீளத்துக்கு ஒரு பெயர், நடுவில் 'சிஎக்ஸ்எக்ஸ்11'. அங்கேயே விளங்கிவிட்டது. 2015இல் வந்த ஜிசிசி 5 கம்பைலர், சி++11 தரத்துக்காக ஸ்டிரிங்கின் (எழுத்துச்சரம்) உள்ளமைப்பை மாற்றியது. நான் கட்டிய மாட்யூல் புது ஸ்டிரிங்கைக் கேட்கிறது. அது நம்பியிருக்கும், பழைய அமைப்பில் கட்டிய லைப்ரரி கைவிரிக்கிறது. எந்த ஸ்டிரிங் என்று கம்பைலருக்குச் சொல்லும் மேக்ரோவை 0 என்று வைத்து மாட்யூலை மறுபடி கட்டினேன், ஓடிவிட்டது.

விண்டோஸில் இது பழைய கதை. பைத்தான் 2.7ஐக் கட்டியது விஷுவல் சி++ 2008, 3.4ஐக் கட்டியது 2010. மாட்யூலை வேறு பதிப்பில் கட்டினால் ஆளுக்கொரு ரன்டைம் (ஓடும்போது துணைநிற்கும் லைப்ரரி) வந்துவிடும். ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று விடுவிக்கப் போனால் புரோகிராம் படுத்துவிடும்.

இரண்டிலும் நிரலில் ஒரு பிழையும் இல்லை. 'யானை மேய்க்கும் இடையன்' என்று எழுதிப் பாருங்கள். எழுத்து சரி, பொருளும் விளங்குகிறது. ஆனாலும் வழு. ஆட்டுக்குத்தான் இடையன், யானைக்குப் பாகன். தமிழ் இலக்கணம் சொல்லும் ஏழு வழுக்களில் ஒன்றான மரபு வழு இது. ஏபிஐயும் இப்படித்தான். ஃபங்ஷனுக்குத் தரும் ஆர்க்யுமெண்ட்டைச் செயலியின் எந்த ரெஜிஸ்டரில் வைப்பது, ஃபங்ஷன் பெயரை எப்படி உருமாற்றுவது, ஸ்ட்ரக்டின் உறுப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது எதையும் சி++ தரம் சொல்வதில்லை. கம்பைலர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட மரபு, அவ்வளவே. ஆகவே ஏபிஐக்கு 'இருமமரபு', அது பிசகினால் 'மரபு வழு' என்பது என் பரிந்துரை.

பழைய நிரலை 'மரபு நிரல்' என்கிறோமே, குழம்பாதா? குழம்பலாம். அந்த இடத்தில் 'இருமமரபு வழு' என்று முழுசாக எழுதிக்கொள்வோம். முந்தைய மடலில் வந்த 'ஒவ்வாமை' எனக்கு ஒப்பவில்லை; அரிப்பும் தடிப்பும்தான் கண்முன் வருகின்றன.

கம்பைலர் தொகுப்பியா நிரல்பெயர்ப்பியா என்ற சண்டையைத் தயவுசெய்து இந்த இழைக்குள் கொண்டுவராதீர்கள். அதற்குத் தனி இழை ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கிறது. மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.