ஹாலோவீன் ராத்திரி உங்க தெருவுல என்ன நடந்துச்சு? சொல்லுங்க மக்களே

டப்ளின் நைட் ஷிஃப்ட்:
நானே ஆரம்பிக்கிறேன். ஹாலோவீன்னா அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னுதான் இங்க வர்றவரைக்கும் நெனச்சிட்டிருந்தேன், ஆனா இது அயர்லாந்துல பொறந்த பண்டிகை. சவின் (Samhain) அப்படின்னு சொல்வாங்க, அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்குற ராத்திரி, செத்தவங்க இந்தப் பக்கம் வந்துட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. நம்ம மகாளய அமாவாசைய முடிச்ச கையோட இத கேட்டதால எனக்கு ஒண்ணும் புதுசா தெரியல. பூசணிக்காய குடைஞ்சு முகம் வெட்டி விளக்கு வைக்கிறதெல்லாம் அமெரிக்கா போனப்புறம் வந்ததுதான், இங்க அந்தக் காலத்துல டர்னிப் கிழங்கத்தான் குடைஞ்சு உள்ள மெழுகுவத்தி வைப்பாங்களாம். எங்க வார்டுல ஒரு பாட்டி பேஷண்ட் சொன்னாங்க, அந்தக் கிழங்கு கல்லு மாதிரி இருக்கும், ஸ்பூனே வளைஞ்சிடும், முகம் வெட்டி முடிக்கறதுக்குள்ள கையெல்லாம் ஒரே நாத்தம்னு. அந்த லாந்தர் போட்டோ தேடிப் பாருங்க, பூசணிக்காய் சிரிக்கும், இது நெஜமாவே செத்தவன் மூஞ்சி.

அன்னிக்கு நைட் ஷிஃப்ட்டுக்கு கூட வேலை பாக்குற ஒருத்தங்க பார்ம்ப்ராக் கொண்டு வந்தாங்க. திராட்சை போட்ட ஒரு இனிப்பு ரொட்டி, உள்ள ஒரு மோதிரத்த ஒளிச்சு வச்சிருப்பாங்க, யாரு துண்டுல வருதோ அவங்களுக்கு ஒரு வருஷத்துல கல்யாணம். அந்தக் காலத்துல துணித்துண்டும் காசும்கூட வைப்பாங்களாம், துணி வந்தா வறுமை, காசு வந்தா பணம். இப்ப கடையில வாங்குறதுல பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான். கல்யாணமாகாத பசங்க புள்ளைங்க எல்லாரும் ஆவலா பிச்சுப் பிச்சுப் பாக்குறாங்க, மோதிரம் போய் மாட்டுனது ரிட்டயர் ஆகப் போற அட்டெண்டர் அம்மா துண்டுல. சுண்டு விரல்ல மாட்டிக்கிட்டு ஷிஃப்ட் முடியற வரைக்கும் கழட்டவே இல்ல, வர்ற டாக்டருங்க கிட்ட எல்லாம் கைய நீட்டி நீட்டிக் காட்டுனாங்க, மாப்பிள்ளை பாருங்கன்னு.

ஒரே கடுப்பு பட்டாசுதான். இங்க லைசென்ஸ் இல்லாம ராக்கெட், வெடியெல்லாம் சட்டப்படி தப்பு. நாம தீபாவளிக்கு பயந்து பயந்து கம்பி மத்தாப்போட நிறுத்திக்கிறோம், இந்தப் பயலுக ஹாலோவீனுக்கு ஒரு வாரம் முன்னாடியே டமால் டுமீல்னு ஆரம்பிச்சிடுறானுக, அந்த ராத்திரி தெருமுனையில பெரிய சொக்கப்பானை வேற கொளுத்துவானுக, ஃபயர் சர்வீஸ்காரங்க பாவம்.

பாஸ்டன் புளியோதரை:
நான் சேலம் போயிருக்கேன், நம்ம மாம்பழ சேலம் இல்ல, அமெரிக்காவுல சூனியக்காரி கதைக்குப் பேர் போன மாசசூசெட்ஸ் சேலம். அக்டோபர்ல கார் எடுத்துட்டுப் போற எண்ணமே வேணாம், பாஸ்டன் நார்த் ஸ்டேஷன்ல ட்ரெயின் புடிச்சா அரை மணி நேரம் சொச்சம்தான், பெட்டி முழுக்க சூனியக்காரி தொப்பியும் எலும்புக்கூடும் உக்காந்திருக்கும். எசெக்ஸ் ஸ்ட்ரீட்ல வேஷம் கட்டி நிக்கிறவங்களோட போட்டோ எடுத்தா டிப்ஸ் கேப்பாங்க, சில்லறை வச்சுக்கோங்க.

ஆனா எனக்கு அந்த ஊரு கொஞ்சம் நெருடலா இருந்துச்சு. 1692ல சூனியம் வச்சதா சொல்லி 19 பேர தூக்குல போட்டாங்க, ஒரு வயசானவர பாறாங்கல்ல மேல அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. அதுல ஒருத்தரும் சூனியக்காரங்க இல்ல, பக்கத்து வீட்டுப் பகையும் பயமும்தான். தூக்கு போட்டது ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல முடிஞ்சுது, ஹாலோவீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பழைய கல்லறை பக்கத்துல 1992ல கட்டுன நினைவிடம் இருக்கு, ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு கல்லு பெஞ்சு மாதிரி சுவத்துல நீட்டிட்டு இருக்கும், அதுமேல உக்காந்து பீட்சா சாப்டுட்டு இருந்தாங்க சில பேரு. புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா மொதல்ல அங்க கூட்டிட்டுப் போய் கதைய சொல்லிட்டு அப்புறம் தொப்பி வாங்கிக் குடுங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

ஸ்கார்பரோ தம்பி:
இஞ்ச கனடாவில எங்கட பக்கம், பிள்ளையள் வேசம் போட்டு வீடு வீடா இனிப்பு கேக்கப் போற அந்த ராத்திரியில முதல் பிரச்சினையே குளிர்தான். பிள்ளையள் ஸ்பைடர்மேன் உடுப்பு வாங்கித் தா எண்டு ஒரு மாசமா அழுவினம், கடைசியில அதுக்கு மேல தடிச்ச ஜாக்கெட்ட போட்டா ஸ்பைடர்மேன் எங்க தெரியப் போறான், அதால உடுப்ப ரெண்டு சைஸ் பெரிசா வாங்கி ஜாக்கெட்டுக்கு மேல போட்டு விடுறது. வீட்ட வந்தா அடுத்த வேலை, தலையணை உறையில கொண்டு வந்த இனிப்பெல்லாத்தையும் நிலத்தில கொட்டி ஜெலட்டின் (மாடு, பண்டியின்ர தோல், எலும்பில செய்யிறது) இருக்கிறத பிரிச்சு வைக்கோணும். கந்தசஷ்டியும் சில வருசம் அதோட வரும், அப்ப அம்மா இன்னும் கடுமை.

அம்மம்மா வந்த வருசம்தான் பகிடி. வாசல் லைட் எரிஞ்சா அந்த வீட்டில இனிப்பு இருக்கு, அணைச்சா தட்டக்கூடாது, அதுதான் இஞ்சத்தைய வழக்கம். எங்கட இனிப்பு முடிஞ்சுது, அண்ணா லைட்ட அணைச்சார். அம்மம்மா விடேல்ல, "விளக்கு வைக்கிற நேரத்தில ஆரடா வாசல இருட்டா வைக்கிறது" எண்டு திரும்பப் போட்டுட்டா. நாங்கள் அணைக்கிறதும் அவ போடுறதும், வெளியில பிள்ளையள் வந்துகொண்டே இருக்கினம். பாத்தா மனுசி தன்ர பெட்டியத் திறந்து கொழும்பில இருந்து கொண்டு வந்த பிஸ்கட் பக்கற்ற எல்லாருக்கும் குடுக்கிறா, பெரிய டைனோசர் ஒண்டு ரெண்டாந்தரமும் வந்தது. எங்களுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல.

செயின்ட் லூயிஸ் அப்பா:
எங்க ஊர்ல சும்மா "ட்ரிக் ஆர் ட்ரீட்"னு கத்துனா மிட்டாய் கிடைக்காது, ஜோக் சொல்லணும். வேற ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இது தெரியாது, கதவத் திறந்த உடனே "சரி, உன் ஜோக் என்ன"ன்னு கேட்டா பசங்க முழிக்கும். எல்லாப் புள்ளைங்களும் எலும்புக்கூடு ஜோக்கே சொல்லும், கேட்டுக் கேட்டு காது புளிச்சுடுச்சு. எம் பையனுக்கு நான் நம்ம எறும்பு யானை ஜோக்க சொல்லிக் குடுத்தேன். ரெண்டும் கண்ணாமூச்சி ஆடுதுங்க, எறும்பு கோயிலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது, யானை டக்குனு கண்டுபுடிச்சிடுது, எப்படி? வாசல்ல எறும்போட செருப்பு கெடந்துச்சு!

பக்கத்து வீட்டுத் தாத்தா சிரிக்கவே இல்ல. கோயில் வாசல்ல செருப்ப ஏன் விடணும்னு கேட்டாரு, பையன் விளக்குனான், அப்புறம் எறும்புக்கு ஆறு காலாச்சே மூணு ஜோடியானு கேட்டாரு, பையன் யோசிச்சு ஆமான்னான், பின்னாடி மிட்டாய்க்கு நிக்கிற க்யூ நீண்டுக்கிட்டே போகுது. கடைசியில பெரிய சாக்லேட்டா ரெண்டு குடுத்தாரு. இப்ப தெருவுல என்னப் பாத்தா கைய ஆட்டி, எறும்பு எப்படி இருக்குன்னுதான் விசாரிக்கிறாரு. இந்த வருஷத்துக்கு புது யானை ஜோக் வேணும், யாருகிட்டயாவது இருந்தா போடுங்க, பழச சொன்னா அவரு கண்டுபுடிச்சிடுவாரு.