சிகாகோ டு யெல்லோஸ்டோன்: வழியில் சோள மாளிகை, கார்ஹெஞ்ச் எல்லாம் பார்க்கலாமா?

தொலைவழி: ஜூலையில் குடும்பத்தோடு சிகாகோவிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறோம், ஐ-90 நெடுஞ்சாலை வழியாக. தெற்கு டகோட்டாவில் மிட்செல் ஊரின் சோள மாளிகை (சுவரெல்லாம் சோளக்கதிர் பதித்த கட்டடம்), அப்புறம் வால் ஊரில் வால் டிரக் கடை, அங்கிருந்து தெற்கே இறங்கி நெப்ராஸ்காவில் கார்களை நட்டுவைத்துக் கட்டிய கார்ஹெஞ்ச் என்று திட்டம் போட்டிருக்கிறேன். கூட வரும் மச்சான், "வீண் அலைச்சல், நேரே பூங்காவுக்குப் போவோம்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைமுகடு: நான் உங்கள் மச்சான் கட்சி. உலகத்தில் இருக்கும் கீசர்களில் (பீய்ச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றுகள்) பாதிக்கு மேல் யெல்லோஸ்டோனில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் கூடக் கிடைத்தால் அதன் அருமையே வேறு. அதைக் குறைத்துக்கொண்டு சாலையோரக் கடையில் போய் நிற்பதா? வால் டிரக் ஒரு மருந்துக்கடை. 1931-இல் அதை வாங்கிய தம்பதிக்கு வியாபாரமே இல்லை. 1936-இல் "ஐஸ் தண்ணீர் இலவசம்" என்று சாலையில் பலகை வைத்தார்கள், கூட்டம் வந்தது. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதன் பிறகு பலகை மேல் பலகையாக வைத்து, புல்வெளியைப் பார்க்க விடாமல் மைல்கணக்கில் மறைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பலகைகளைக் கட்டுப்படுத்தத்தான் 1965-இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டமே வந்தது.

பழைய_சாலை: வால் டிரக் வியாபாரம்தான், சரி. கார்ஹெஞ்சையும் அதே கணக்கில் சேர்ப்பது அநியாயம். ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் தன் அப்பா வாழ்ந்த பண்ணையில், அப்பாவின் நினைவாகக் கட்டியது அது. 1987-இல் குடும்பமே கூடி வேலை செய்தது. மொத்தம் 39 கார்கள், எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறப் பெயிண்ட், இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் அமைப்பிலேயே. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: குழி தோண்டி, டிக்கிப் பக்கம் மண்ணுக்குள் போகிற மாதிரி கார்களை நட்டிருக்கிறார்கள். குறுக்கே கிடக்கும் கார்களை மேலே ஏற்றி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்பாவுக்கு மகன் எழுப்பிய நினைவுச்சின்னத்தை எப்படிக் கடை விளம்பரம் என்பீர்கள்?

மலைமுகடு: கட்டியவரின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அவருடைய பாசத்துக்காக இவர் ஏன் ஒரு பகலைக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஐ-90-இல் இருக்கும் ரேபிட் சிட்டியிலிருந்து கார்ஹெஞ்ச் இருக்கும் அலையன்ஸ் ஊருக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது சரியாகிவிடும். இதே நியாயத்தில் நாளைக்கு யாரோ சுற்றிவைத்த ராட்சதச் சணல் கயிற்று உருண்டையைப் பார்க்கவும் போகச் சொல்வீர்கள்.

பழைய_சாலை: சொல்வேன்! மினசோட்டாவின் டார்வின் ஊரில் இருக்கிறது. பிரான்சிஸ் ஜான்சன் என்கிற ஒரே மனிதர் 1950-இல் சுற்ற ஆரம்பித்தது, எடை 17,400 பவுண்டு. கன்சாஸில் காக்கர் சிட்டி உருண்டையை 1953-இல் இன்னொருவர் தொடங்கினார். அவருக்குப் பிறகு ஊரே சேர்ந்து இன்றுவரை சுற்றுகிறது, வருகிறவர்களும் ஒரு முழம் சேர்க்கலாம். 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தால் வந்த ஐ-90 போன்ற பெருவழிகள் எத்தனையோ சிற்றூர்களை ஓரங்கட்டின. அந்த ஊர்களுக்குள் ஒரு வெளியூர்க்காரர் வண்டியைத் திருப்ப இப்படி ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. பூங்காவுக்கு நாம் போகாவிட்டாலும் கூட்டம் குறையாது. இந்த ஊர்களுக்கு நாம் போனால் அது பெரிய விஷயம்.

இரட்டையர்_அம்மா: குழந்தைகளை வைத்துக்கொண்டு ஐ-90-இல் போனவள் சொல்கிறேன். தெற்கு டகோட்டாவின் கிழக்குப் பாதி முழுக்கச் சமவெளி, பின்சீட்டில் அழுகை ஓயவே இல்லை. மிட்செலில் இறங்கியதும் அடங்கிவிட்டார்கள். சுவர் முழுக்கச் சோளக்கதிர். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து ஆணி அடித்திருக்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாமே கதிரின் சொந்த நிறம், சாயம் இல்லை. உள்ளே கூடைப்பந்து மைதானம், அதனால் வெளிச்சுவர்தான் முக்கியம். ஒரு விஷயம், புதுச் சோளம் அடிக்கும் வேலை கோடை முடிகிறபோதுதான் சூடு பிடிக்கும். ஜூலையில் போனால் வெயிலில் வெளுத்து, குருவி கொத்திய பழைய கதிர்தான் இருக்கும். என் பிள்ளைகளுக்கு அந்தக் குருவிகளைத்தான் ரொம்பப் பிடித்தது.

மலைமுகடு: குழந்தைகள் இறங்கி ஓட ஓர் இடம் வேண்டும் என்பது நியாயம். அதற்கு பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா வால் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! பட்டை பட்டையாக நிறம் மாறும் பாறை, காட்டெருமை, புல்நாய் (வளையில் வாழும் அணில் இனம்) என்று எல்லாம் உண்டு. கடைக்குள் போகிற நேரத்தை அங்கே கொடுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நிழலே இருக்காது.

பழைய_சாலை: பேட்லாண்ட்ஸை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. தொலைவழி, ஒரு யோசனை. கார்ஹெஞ்சைத் திரும்பும் வழிக்கு மாற்றுங்கள். யெல்லோஸ்டோனிலிருந்து காஸ்பர், ஸ்காட்ஸ்பிளஃப் வழியாக இறங்கினால் அலையன்ஸ் வந்துவிடும், பிறகு ஐ-80 பிடித்து சிகாகோ. போன வழியிலேயே திரும்ப வேண்டியதும் இல்லை.

மலைமுகடு: திரும்பும்போது என்றால் சரி, பூங்காவின் நேரத்தில் கை வைக்கவில்லை. வால் டிரக்கை மட்டும் இப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன்.

இரட்டையர்_அம்மா: அங்கே காபி இன்னும் 5 சென்ட்தான், மலைமுகடு. அவ்வளவு தூரம் ஓட்டி வருகிறவருக்கு ஒரு வாய் காபியாவது விடுங்கள்.